பெயிண்ட்டுக்கு நான் பொறுப்பு

மகளுக்கு ஒரு கார் வாங்கலாம் என்று பட்டிக்காரர் சொன்னபோது, அவர் மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று. செருப்பு அறுந்தால் கம்பியால் தைத்துப் போட்டுக்கொள்கிற மனுஷன். சோப்பு கரைந்து சில்லாகிவிட்டால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்ட வைக்கிறவர்.

"யாருக்கு என்ன வாங்கணும்னீங்க?"

"பாப்பாவுக்குக் கார். பழசுதான். லைசென்ஸ் எடுத்து மூணு மாசமாச்சு, பர்ஸுல வச்சுக்கிட்டுச் சும்மா திரியறா."

"போன மாசம் அவ ஒரு ஷூ கேட்டதுக்கு, இன்னும் கொஞ்சம் கால் வளரட்டும்னீங்க. பதினெட்டு வயசுக்கு மேல யாருக்குங்க கால் வளருது?"

அவள் அடுப்பைத் துடைத்தபடியே விடாமல் கேட்டாள். "அதான் தையல்கார அண்ணன் பொண்ணு ரேடியோ இனிமே தினம் வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டாளே. அண்ணன் பெட்ரோலுக்குக்கூட ஒத்தக் காசு வேணாம்னுட்டார்."

"எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியில தொத்திக்கிட்டுப் போறது? நமக்குன்னு ஒரு மானம் இல்ல?"

மானம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவருக்கே என்னவோ போலிருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை வளைவில், பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு இடம். முன்பக்கம் கழுவித் துடைத்த வண்டிகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கேதான் பட்டிக்காரருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. அடிபட்டு, துருப்பிடித்து, ஓட்டை விழுந்து வருகிற வண்டிகளில் பட்டி அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து முன்வரிசைக்கு அனுப்புவது அவர் பாடு. பட்டி என்பது மாவு மாதிரி ஒரு பசை. குழைத்து அப்பினால் கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும். தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையை மேலே ஓடவிட்டு, எங்கே தகரம் முடிகிறது எங்கே பட்டி தொடங்குகிறது என்று தனக்கே தெரியாமல் போகிறவரை தேய்ப்பார். வேலையில் சுத்தம். முதலாளி அடிக்கடி சொல்வார்: "பொணத்துக்கே மாப்பிள்ளை அலங்காரம் பண்ணி எழுப்பி உக்கார வச்சிருவான் நம்ம ஆளு." அதைக் கேட்டு அவர் சிரித்தும் இருக்கிறார்.

சிரிக்க முடியாத ஒரு வண்டி பத்து மாதத்துக்கு முன்னால் வந்தது. சின்னச் சிவப்பு வண்டி. வெள்ளத்தில் நின்றது. மேலே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைப் பக்கம், கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டி, பட்டறைக்காரர்கள் ரன்னிங் போர்டு என்பார்களே, அது முழுக்க அரித்துப்போயிருந்தது. வண்டியின் முதுகெலும்பு மாதிரியான இடம் அது. பக்கவாட்டில் ஒருவன் வந்து மோதினால் உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டியதும் அதுதான். அவர் விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போயிற்று.

"வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டிங் அடிக்கணும், முதலாளி."

"அடிக்கலாம். அதுக்கு ஆகிற செலவுல வண்டி கையைக் கடிக்கும். நீ அடைச்சு விடு."

அடைத்துவிட்டார். காகிதத்தைத் திணித்து, அதன் மேல் கம்பிவலை, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயிண்ட். அடியில் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு. குனிந்து பார்த்தாலும் தெரியாது. அதுவரை எத்தனையோ வண்டிக்குச் செய்ததுதான். வாங்கிக்கொண்டு போகிறவன் எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ.

அந்தச் சிவப்பு வண்டியை வாங்க வந்து நின்றவர் அடுத்த தெருத் தையல்காரர்.

"நீ இருக்கிற இடமாச்சே தம்பி, வேற எங்க போவேன்!" என்று கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார் மனுஷன். பின்னாலேயே முதலாளி. "சொல்லு, இந்தச் செகப்பு எப்படி? கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாமா?"

பட்டிக்காரர் மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழற்றவில்லை. முதலாளி மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட்டுக்கு நான் பொறுப்புண்ணே" என்றார் பட்டிக்காரர்.

பொய்யில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தையல்காரர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அன்றைக்கே பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் யார் கேட்டாலும், "நம்ம பட்டி மாஸ்டர் பாத்துக் குடுத்த வண்டி" என்றார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் பட்டிக்காரருக்கு நன்றாகத்தான் தூக்கம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தையல்காரர் வாரத்துக்கு ஒருமுறை துணி எடுக்கக் கடைவீதிக்குப் போவார், மாட்டுவண்டி வேகத்தில். அந்த வேகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பட்டிக்காரர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு தையல்காரர் மகளுக்கும் இவர் மகளுக்கும் ஒரே நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர். ஏழு மணிக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டும். தையல்காரர் சிவப்பு வண்டியை மகளிடம் கொடுத்துவிட்டார். அவளுக்குத் தெருவில் பெயர் ரேடியோ. வாய் மூடாது. முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்ததும், இவர் மகள் தலையைப் பின்னியபடியே ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பக்கத்து இருக்கையில். அரித்துப்போன பெட்டிக்கு நேர் மேலே.

பல்குச்சியோடு வாசலில் நின்றிருந்த பட்டிக்காரர், வண்டி முனை திரும்பும்வரை அந்தக் கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் கார் பேச்சை எடுத்தார்.

தையல்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஒருநாள் சொல்லத்தான் போனார். சும்மா போக முடியாமல் கால்சட்டையின் அடியை மடித்துத் தைக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. தையல்காரர் எழுந்து தன் முக்காலியைக் கொடுத்தார். டீ வரவழைத்தார்.

"பொண்ணுக்குக் கார் தேடறியாமே! கடைக்கு வர்ற பொம்பளைங்கல்லாம் உன் பேச்சுதான். பெத்தவன்னா மாஸ்டர் மாதிரி இருக்கணும்ங்கறாங்க. என் வீட்டுக்காரிகூடச் சொல்றா, நீங்க பொண்ணுக்கு உங்க பழச எடுத்துக் குடுத்தீங்க, அவரு தனியா ஒண்ணு வாங்கறாரு பாருங்கன்னு."

"அண்ணே…"

"சொல்லு."

"டீயில சர்க்கரை கம்மி."

கால்சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினார். காசு கொடுத்ததற்குத் தையல்காரர் கையைத் தட்டிவிட்டார். வெளியே வந்து மின்கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். முதலாளி வேலையை விட்டுத் துரத்திவிடுவார் என்கிற பயம் உண்டுதான். ஆனால் அது அவ்வளவு பெரிதில்லை. அந்த மனுஷன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே, அதுதான் ஆகவில்லை. முதலில் நம் பிள்ளையை அதிலிருந்து இறக்குவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு எவ்வளவு அசிங்கமானது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டு மாதம் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் பேருந்து ஏறிப் போவார்கள். மகளுக்குச் சிவப்பு வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை. பாட்டுப் பெட்டி வேண்டும். அவருக்கு ஒன்றுதான்: பட்டி இருக்கக் கூடாது. வண்டியின் அருகே போவார், விரல் கணுவால் தட்டுவார். கதவைத் தட்டுவார், மூலையைத் தட்டுவார், தரையில் முதுகைச் சாய்த்து அடியில் புகுந்து தட்டுவார். எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "வேணாம்" என்பார்.

"ஏம்ப்பா? பளபளன்னு இருக்கே."

"அதனாலதான் வேணாங்கறேன்."

"போன வாரம் பாத்தது பளபளன்னு இல்ல. அதையும் வேணாம்னீங்க."

"அது சேறு பூசியிருந்துச்சு. சேத்துக்குக் கீழ பட்டி."

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு தட்ட மாட்டாங்கப்பா!" என்று நடுரோட்டில் சலித்துக்கொண்டாள் மகள். "நீங்க நெஜமா வாங்கப் போறீங்களா, இல்ல ஊரெல்லாம் பேசட்டும்னு இழுக்கறீங்களா?"

அவர் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

நடுவில் முதலாளியே கூப்பிட்டார். "ஊரெல்லாம் சுத்தறியாமே. நம்ம வரிசையில ஒண்ண எடுத்துக்கோ. உனக்குன்னா எனக்கு வந்த விலைக்கே தர்றேன்."

"வேணாம் முதலாளி."

"ஏன்?"

பட்டிக்காரர் வரிசையைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். பிறகு முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சமைக்கிறவன் சாப்பிட மாட்டேங்கறான் பாரு!" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் கிடைத்தது ஒரு மருந்துக்கடைக்காரரின் வண்டி. பதினான்கு வயது. கண்ணில் புரை வளர்ந்து அவரால் ஓட்ட முடியவில்லை. சாணி நிறம், அதுவும் வெளுத்துப்போய். இரண்டு கதவிலும் சொட்டை, பின்னால் ஒரு கீறல், கூரையில் பறவை எச்சம் தின்ற புள்ளிகள். பட்டிக்காரர் அரைமணி நேரம் தட்டினார். எங்கே தட்டினாலும் தகரம் தகரமாகவே பேசியது.

"இந்தச் சொட்டையெல்லாம் எடுக்கவே இல்லையா சார்?"

"எதுக்கு எடுக்கணும்? இடிச்சது நான்தானே" என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்தக் கீறல் மட்டும் என் வீட்டுக்காரி போட்டது. அவ ஒத்துக்க மாட்டா."

பட்டிக்காரர் பேரம் பேசவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு பொருளுக்குச் சொன்ன விலையைக் கொடுத்தார். மகள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இதுல போனா நோயாளிங்க எழுந்து ஓடிருவாங்க" என்றாள். ஆனாலும் சாவியைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. வீடு வரும்வரை அவள்தான் ஓட்டினாள். வாசலில் நிறுத்தி இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

அவர் போட்டிருந்த கணக்கு ஒன்று உண்டு. மகளுக்குத் தனி வண்டி வந்துவிட்டால் ரேடியோவும் இதிலேயே ஏறிக்கொள்வாள், சிவப்பு வண்டி தையல்கார வீட்டு வாசலில் கிடக்கும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் வயசுப் பெண்கள் அவர் கணக்குப்படியா நடப்பார்கள்? "நீ ஒரு நாள், நான் ஒரு நாள்" என்று முறை வைத்துக்கொண்டார்கள். "பெட்ரோல் பாதிப் பாதிப்பா" என்றாள் மகள். "தினமும் நீயே எடுத்துட்டுப் போயேன்" என்று சொல்லிப் பார்த்தார். "அவ ரோஷக்காரிப்பா. ஓசியில வர மாட்டா. நீங்களும்தானே மானம்னீங்க?" என்றாள்.

பத்து நாள் போயிற்று. ஞாயிறு மத்தியானம். அப்போதுதான் மழை விட்டிருந்தது. தையல்காரர், அவர் மனைவி, ரேடியோ மூவரும் சிவப்பு வண்டியில் வந்திறங்கினார்கள், சாணி நிறத்தைப் பார்க்க. பட்டிக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் சிரிப்பும் பேச்சும் கேட்டது.

"ஏண்டி ரேடியோ, உன் செகப்பு வண்டி இடது முன் டயர்ல காத்தே இல்லடி."

"ஐயையோ, பஞ்சர். இப்ப என்ன பண்றது?"

"பஞ்சர்க்காரனக் கூப்பிடட்டுமா கண்ணு?" இது தையல்காரர்.

"வேணாம் மாமா, நாங்களே மாத்தறோம். ஊசி போடவே கத்துக்கிட்டோம், இது என்ன பெரிய விஷயம்? ஸ்டெப்னிய எறக்குடி. ஜாக்கி எங்க?"

ஜாக்கி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பட்டிக்காரர் சோற்றுக் கையோடு எழுந்தார். வண்டியைத் தூக்க ஜாக்கியை வைக்கிற இடம் எது என்று அவருக்குத் தெரியாதா? தட்டை இடறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "பாப்பா, கைய எடு! எடு!"

காய்ந்த சருகுக் குவியலை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஜாக்கியின் தலை பெட்டிக்குள் புதைந்தது. தூக்கியிருந்த வண்டி ஒரு பக்கமாகக் கீழே உட்கார்ந்தது. சக்கரத்துக்கு அடியில் கைவிட்டிருந்த ரேடியோவைத் தையல்காரர் பின்சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நாலு விரலும் போயிருக்கும்.

ரேடியோ தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பெட்டி கிழிந்து கிடந்தது. பட்டி கட்டிகட்டியாகத் தரையில். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் சாம்பல். கம்பிவலை பிதுங்கி நின்றது. அதற்குள்ளிருந்து ஈரத்தில் ஊறிய காகிதப் பொதி ஒன்று தொங்கியது. தையல்காரர் குந்தி உட்கார்ந்து அதை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது.

"கார்ல எதுக்குக் காயிதம்?" என்று கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மகள் ஒரு தாளை விரித்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மையில் எழுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் வாத்தியார் போட்ட சரி. இலைகள் ஏன் பச்சையாக இருக்கின்றன என்று ஒரு கேள்வி. அடியில் விடை.

ரேடியோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். விரல் தப்பித்த சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏய், உன் கையெழுத்துடி இது! வாலு வாலா இழுத்திருக்கே பாரு. எட்டாங்கிளாஸ் சயின்ஸ் நோட்டு. நான்கூட இதப் பாத்துதானே காப்பி அடிச்சேன். உன் நோட்டு எப்படிடி எங்க கார்ல…"

அந்த இடத்தில் ரேடியோ நின்றுபோயிற்று.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த அவர் மனைவியும் பார்த்தாள். பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடிமேல் ஒட்டக் காகிதம் வேண்டும் என்று வீட்டிலிருந்த பழைய நோட்டுக் கட்டை அவர் சைக்கிளில் வைத்துக்கட்டிப் போனது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கையில் சோற்றுப்பருக்கை காய்ந்துகொண்டிருந்தது.

"எப்ப இருந்து தெரியும் தம்பி?" என்றார் தையல்காரர்.

இப்போதுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நோட்டுத் தாள் மகள் கையில் இருந்தது.

"மொத நாள்லேருந்தே, அண்ணே."

தையல்காரர் எழுந்துகொள்ளவில்லை. பட்டிக் கட்டி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். "நல்லா எழைச்சிருக்க" என்றார். "நான் ஒரு கோட்டுத் துணி வாங்கினாக்கூட உள்பக்கம் திருப்பிப் பாக்காம வாங்க மாட்டேன். நாப்பது வருஷப் பழக்கம். இத மட்டும் உன் முகத்தப் பாத்து வாங்கிட்டேன்."

"முதலாளிதாண்ணே அடைச்சு விடச் சொன்…"

"உன் முதலாளிய எனக்குத் தெரியாதே. உன்னத்தானே தெரியும்."

தையல்காரரின் மனைவி ரேடியோவின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

பட்டிக்காரர் மகள்தான் பேசினாள். மெதுவாக, பாடம் ஒப்பிப்பது மாதிரி. "நாங்க ரெண்டு பேரும் இந்த வண்டியில போக ஆரம்பிச்சு ரெண்டரை மாசம் ஆச்சு. நீங்க எனக்குக் கார் தேட ஆரம்பிச்சதும் அன்னிக்குத்தான். இல்லப்பா?"

அவர் தலையாட்டினார்.

"என்ன மட்டும் எறக்கிட்டா போதும்னு."

அதற்குத் தலையாட்ட முடியாமல் தையல்காரர் பக்கம் திரும்பினார்.

"சரி பண்ணிக் குடுத்துடறேண்ணே" என்றார். "வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டிங் அடிச்சு… என் செலவுல. நாளைக்கே."

"யாரு, நீயா?" என்றார் தையல்காரர். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை அது. அளவு சரிதானா என்று இன்னொருதரம் கேட்டுக்கொள்கிற குரல்.

மகள் உள்ளே போய்ச் சாணி நிற வண்டியின் சாவியை எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். "மாமா, உங்க வண்டி சரியாகிற வரைக்கும் இத வச்சுக்கோங்க. இது நல்ல வண்டி. அப்பா ரெண்டு மாசம் பாத்துப் பாத்து…" சொல்ல வந்தது பாதியில் நின்றது.

தையல்காரர் அப்போதுதான் அந்த வண்டியை நன்றாகப் பார்த்தார். சொட்டை விழுந்த கதவை, புள்ளி விழுந்த கூரையை. பிறகு அவள் கையை மூடிச் சாவியை அதற்குள்ளேயே வைத்து அழுத்தினார்.

"வேணாம் கண்ணு. உங்கப்பா பாத்துக் குடுத்த வண்டி ஒண்ணு போதும்."

மனைவியையும் மகளையும் முன்னால் நடக்க விட்டு, அவர் பின்னால் போனார். சிவப்பு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஜாக்கியை விழுங்கிக்கொண்டு, இவர் வாசலிலேயே கிடந்தது. சாயங்காலம் ஒரு இழுவை வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போயிற்று. எந்தப் பட்டறைக்கு என்று பட்டிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. தரையில் கிடந்த பட்டிக் கட்டிகளை அவர் மனைவி கூட்டி அள்ளினாள். தாள்களை மட்டும் மகள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே மகள் சீருடையோடு கிளம்பிவிட்டாள். அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பாப்பா, வண்டி எடுக்கலயா?"

"அவ பஸ்ஸுல வர்றா. ரெண்டு பஸ் மாறணும். நேரமாச்சு."

"இந்த வண்டில ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல. அங்குலம் அங்குலமா தட்டிப் பாத்துட்டேன்."

அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள். நேற்றிலிருந்து அவர் முகத்தை அவள் ஏறிட்டே பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள். "சாவி அலமாரி மேல இருக்கு."

தெருமுனையில் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். வழக்கமாக அந்த முனை திரும்பும் வரைக்கும் ரேடியோவின் குரல் கேட்கும். அன்று செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி வாசலில் நின்றது. நல்ல வண்டி. அதை இனி அவர் எந்த வாயால் யாரிடம் சொல்வது?